"வாறன்" என்று பாடியதை "வர்றேன்" என்று மாற்றட்டுமா? எங்கள் முதல் அல்பத்துக்கு ஆலோசனை தேவை

உவர்மலைப்பாடகி

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன பொப் குழு வைத்திருக்கிறோம். நான் பாடுகிறேன், வரிகளும் பெரும்பாலும் என்னுடையவை. கிற்றார், பேஸ், ட்ரம்ஸ் என்று மற்ற மூவர். இரண்டு வருடமாகச் சேர்த்த ஒன்பது பாடல்களை முதல் அல்பமாக வெளியிடப் போகிறோம், மொத்தம் 34 நிமிடம். குழுவின் பெயரை இங்கே போடவில்லை. விளம்பரத்துக்காக வரவில்லை, ஒரு முடிவெடுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

எட்டுப் பாடல்கள் உவர்மலையில் ட்ரம்ஸ்காரர் வீட்டுப் பின்னறையில் பதிவானவை. சுவரோடு தும்பு மெத்தைகளைச் சாய்த்து வைத்து, கதவிடுக்கில் பழைய சாரத்தைத் திணித்து, காற்றாடியை நிறுத்திவிட்டுப் பாடுவேன். இரண்டு தடவை பாடி முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். மழை பெய்தால் அன்று வேலையில்லை. கூரைத் தகரத்தில் விழும் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அப்படியே போனது.

ஆறாவது பாடல் மட்டும் கடற்கரைக் கிராமமான சல்லியில் சித்தி வீட்டுத் திண்ணையில், சித்திரை மாதம் ஒரு காலையில் எடுத்தது. கடல் அடங்கிக் கிடந்த நாள். ஆனாலும் பாட்டு முழுக்க அடியில் அலைச் சத்தம் இருக்கிறது.

இப்போது கொழும்பில் ஒரு அண்ணா எங்கள் பாடல்களை மிக்ஸ் செய்கிறார். நல்ல கைகாரர். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மூன்று பாடல்களில் என் உச்சரிப்பு இந்தியாவில் இருப்பவர்களுக்கு விளங்காது, "வாறன்", "நிக்கிறன்", "கெதியா" எல்லாவற்றையும் மாற்றிப் பாடித் தா என்கிறார். இரண்டு, ஆறாவது பாடலின் கடல் சத்தத்தை எடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் அறையில் மறுபடி பாட வேண்டும்.

மாற்றிப் பாடிப் பார்த்தேன். சொல் மாறியதும் மெட்டு இடறுகிறது. "வாறன்" என்று பாடும்போது "வா"வில் சுரம் நீள்கிறது, "றன்" சட்டென்று வாயை மூடிவிடும். அந்த மூடலில்தான் ட்ரம்ஸ் உள்ளே வருகிறது. "வர்றேன்" என்றால் நீட்டம் பின்னுக்குப் போய், ட்ரம்ஸ் வரவேண்டிய இடத்தில் நான் இன்னும் இழுத்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அவர் அனுபவசாலி. நாங்கள் பிடிவாதம் பிடித்து முதல் அல்பத்தைக் கெடுத்துக்கொள்கிறோமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புவழிபுரத்தான்

தங்கச்சி, முதலில் வாழ்த்து. ஒன்பது பாடலை முடித்ததே பெரிய விஷயம்.

மாற்றிப் பாடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். எங்களுடைய தொகை சின்னது. இணையத்தில் தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். எங்கள் வானொலிகளிலேயே நாள் முழுக்க ஓடுவது இந்தியச் சினிமாப் பாட்டுகள்தானே. எங்கள் பிள்ளைகளின் காதும் அதற்குப் பழகிவிட்டது. மூன்று பாடல்தானே கேட்கிறார், ஒன்பதையும் இல்லையே. முதல் அல்பம் நாலு பேரிடம் போய்ச் சேர்ந்தால் இரண்டாவதை உங்கள் விருப்பப்படி செய்யலாம். நானும் ஒரு காலத்தில் குழு வைத்திருந்தவன். அறுபது பேர் கேட்டதோடு முடிந்துபோனது. அந்த வலியில் சொல்கிறேன்.

பழைய_அக்கோடியன்

பிள்ளை, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் கலியாண வீடுகளில் அக்கோடியன் வாசித்தவன். தம்பி சொன்ன கவலை நியாயமானது, ஆனால் நடந்த கதை வேறு.

இலங்கையில் தமிழ் பொப் கிளம்பியபோது நித்தி கனகரத்தினம் பாடியது வீட்டில் கதைக்கும் தமிழில்தான். மாமி, கள்ளுக்கடை என்று கண்முன்னே இருந்ததைப் பாடினார். எங்கள் ஊர்ப் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களைக் கேட்க இங்கே சனம் எப்படிக் கூடியது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஏ. ஈ. மனோகரனின் சுராங்கனி. அது தமிழ்நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அந்தப் பாட்டின் பல்லவி சிங்களம். ஒரு சொல் விளங்காமலே கோடிப்பேர் பாடினார்கள், ஆடினார்கள். சிங்களச் சொல்லே தடையாக இல்லாதபோது "வாறன்" எப்படித் தடையாகும்?

அவர்களுக்குக் கைகொடுத்தது தாளம். பைலா என்ற ஆட்டப் பாட்டின் ஆறெட்டுத் தாளம், போர்த்துக்கீசர் வழியாக இந்தக் கரைக்கு வந்தது. அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தன. அந்த வீட்டு விருந்துகளில்தான் நான் அந்தக் கைவீச்சைப் பழகினேன். இடது கை ஒன்றிலும் நாலிலும் அழுத்தும், வலது கை அதற்கு நடுவே ஓடும். தாளத்தில் சொல் சரியாக உட்கார்ந்தால் சனம் விளக்கம் கேட்காது. உன் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏன் எழுப்புகிறாய்?

கிண்ணியாப்பாலம்

தங்கச்சி, நான் ஒலிப்பதிவு வேலை செய்பவன். கடல் சத்தம் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

அலைச் சத்தம் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் இருப்பதில்லை. கீழிருந்து மேல்வரை எல்லா இடத்திலும் பரவி இருக்கும். உங்கள் குரலில் ச, ஷ, ஸ போன்ற ஒலிகள் இருக்கும் அதே இடத்திலும் இருக்கும். மென்பொருளில் இரைச்சல் நீக்கியைப் போட்டு எடுத்தால் அந்த ஒலிகளும் சேர்ந்து போய்விடும். மிச்சக் குரல் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போல ஆகும். ஆகவே முழுதாக எடுக்க ஆசைப்பட வேண்டாம். காற்று மைக்கில் மோதும் "புஸ்" சத்தமும் கீழ் உறுமலும் வேறு. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரலுக்கு ஒன்றும் ஆகாது, அந்த உறுமல் பெரும்பாலும் போய்விடும். கறண்ட் இரைச்சல் இருந்தால் அது 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 இலும் நிற்கும். அந்த இடங்களில் மட்டும் ஒடுக்கமாக வெட்டலாம்.

எந்த மைக், எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? இரண்டு பாடலின் சிறு துண்டுகளைப் போட முடியுமா? கேட்காமல் மேலே சொல்வது சரியில்லை.

உவர்மலைப்பாடகி

மிக்க நன்றி கிண்ணியாப்பாலம் நானா. ஷூர் எஸ்எம்58, வாயிலிருந்து நாலு விரல் தூரம். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். கிற்றாருக்கும் அதையேதான் பிறகு வைத்தோம். ஆறாவது பாடலிலும் இரண்டாவது பாடலிலும் இருந்து ஒவ்வொரு துண்டு ஏற்றியிருக்கிறேன். இரண்டாவதுதான் "வாறன்" வரும் பாடல்.

ஐயா, நீங்கள் எழுதியதை நாங்கள் நான்கு பேரும் சத்தமாக வாசித்தோம். எங்கள் மூன்றாவது பாடல் ஆறெட்டுத் தாளம்தான். அது எங்கிருந்து எங்கள் கைக்கு வந்தது என்று இன்றைக்குத்தான் தெரியும்.

வைகைக்கரை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். இந்தியாவில் இருப்பவர்களுக்குப் புரியாது என்று பேச்சு வந்ததால் நானே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஹெட்போனில் இரண்டு துண்டையும் மூன்று முறை கேட்டேன்.

"வாறன்" முதல் தடவையே புரிந்தது. "நிக்கிறன்" அதைவிடச் சுலபம். நாங்கள் சொல்வதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. "கெதியா" மட்டும் தெரியவில்லை, ஆனால் முன்னால் பஸ், பின்னால் ஓட்டம் என்று வருவதால் "சீக்கிரம்" என்று ஊகித்துவிட்டேன். சரிதானே?

எனக்கு நிஜமாகவே புரியாமல் போன இடம் இன்னொன்று. இரண்டாவது பாடலில் நிமிடம் 1:20 பக்கம், "சாத்தாத" என்பதற்கு முன்னால் ஒரு சொல் வருகிறது. மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை. அது என்ன சொல்?

ஆறாவது பாடல் கேட்கும்போது அந்த அலைச் சத்தம் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உவர்மலைப்பாடகி

அண்ணா, "கெதியா" சீக்கிரம்தான், சரியாகச் சொன்னீர்கள். 1:20 இல் வருவது "கதவு". "சாத்தாத" அதற்கு அடுத்த சொல்தான்.

வைகைக்கரை

கதவா! அது எங்கள் ஊரிலும் கதவுதானே. வட்டார வழக்கே இல்லாத சொல் எனக்குக் கேட்கவில்லை, வட்டாரச் சொற்கள் எல்லாம் கேட்டன. அப்படியென்றால் சிக்கல் உச்சரிப்பில் இல்லை என்று தோன்றுகிறது.

கிண்ணியாப்பாலம்

வைகைக்கரை அண்ணன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நானும் அதையே எழுத வந்தேன்.

1:20 இல் கிற்றார் மேலேறி, கம்பிகளை அழுத்தி அடிக்கிறார். அந்த அடியின் கூர்மை 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரை நிற்கிறது. மனிதக் குரலில் மெய்யெழுத்துகள் துலங்குவது ஏறக்குறைய அதே இடத்தில்தான். க, த இரண்டும் வெடித்து மறையும் ஒலிகள், ஒரு கணத்துக்கு மேல் இருக்காது. அந்தக் கணத்தில் கிற்றார் விழுந்தால் காதுக்கு "அஅவு" என்றுதான் போகும். "வாறன்" வரும் இடத்தில் கிற்றார் ஒதுங்கி நிற்கிறது, அதனால் அது தெளிவாக இருக்கிறது.

மிக்ஸ் செய்யும் அண்ணாவுக்குச் சொற்கள் மங்கலாகக் கேட்டிருக்கும். அது உண்மை. காரணம் பேச்சுவழக்கு என்று நினைத்துவிட்டார். அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: குரல் வரும் இடங்களில் கிற்றாரை 3,000 ஹேர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் குறைத்துவிட்டு, அதே பாடலை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். முழு கிற்றாரையும் அமுக்க வேண்டாம், சத்துப் போய்விடும்.

ஆறாவது பாடலில் 2:10 இல் தூரத்தில் ஒரு ஆண் குரல் ஒருமுறை கூப்பிடுகிறது. அது வேண்டுமென்று வைத்ததா?

உவர்மலைப்பாடகி

இல்லை நானா. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கிட்ட வந்ததும் கரையில் நின்ற மாமா ஒருவர் தண்ணீருக்குள் நிற்பவர்களைக் கூப்பிட்ட சத்தம் அது. பாடி முடித்த பிறகுதான் கேட்டோம். அதற்கு அடுத்த வரியை நான் கொஞ்சம் பிந்தித் தொடங்கியிருக்கிறேன். அந்தக் குரலுக்குக் காத்துநின்றது போல இருக்கிறது, ஆனால் எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த மாமாவிடம் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டி, உங்கள் குரல் இருக்கட்டுமா என்று கேட்டோம். கைபேசியைக் காதோடு வைத்து மூன்று தடவை கேட்டார். "இருக்கட்டும் மகள், அண்டைக்கு நல்ல கீரி மீன் பட்டது" என்றார்.

பழைய_அக்கோடியன்

சம்பந்தர் கோணமாமலையைப் பாடியபோதும் கடலின் இரைச்சலை விட்டுவிட்டுப் பாடவில்லை. கோயில் மலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தை ஒதுக்கிவிட்டு இந்த ஊரை நினைக்க முடியாது. கடலை எடுக்காதே பிள்ளை.

ஸ்காபரோ_திருமலை

நான் 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவள். இங்கே பிறந்த என் மகளுக்குப் பதினைந்து வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். காரில் இந்தத் துண்டைப் போட்டேன். "வாறன்" என்ற இடத்தில் "அம்மம்மா மாதிரிச் சொல்லுறா" என்று தமிழில் சொன்னாள். அம்மம்மா இறந்து நாலு வருடம். மேலே எழுத முடியவில்லை. தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

இறுவட்டாகவும் (சிடி) அடிப்பீர்களா? எனக்குப் பத்து வேண்டும்.

அன்புவழிபுரத்தான்

அந்தத் துண்டுகளை நானும் கேட்டேன். "கதவு" எனக்கும் கேட்கவில்லை, நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். ஆகவே உச்சரிப்பை மாற்றச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் சேர்ப்பிக்கும் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. பாடல் நல்லதாக இருந்தால் தானாகப் போகும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். அந்தப் பிழையை இவர்கள் செய்யக் கூடாது. தெரிந்தவர்கள் அந்த வேலையைப் பற்றியும் எழுதுங்கள்.

கிண்ணியாப்பாலம்

எழுதுகிறேன், நான் இரண்டு பேருக்குச் செய்து கொடுத்த அனுபவத்தில்.

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு நேரடியாகப் பாட்டு அனுப்ப முடியாது, ஒரு விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடக் கட்டணம் வாங்கும். எத்தனை பாட்டும் போடலாம், உங்கள் வருமானத்தில் பங்கு எடுக்காது, ஆனால் கட்டணத்தை நிறுத்தினால் பாட்டுகள் இறங்கிவிடலாம். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரே தடவை வாங்கும், வருமானத்தில் 9 வீதம் பிடிக்கும். வருடாவருடம் பாட்டுப் போடுகிறவர்களுக்கு முதலாவது, ஒரு அல்பத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க நினைப்பவர்களுக்கு இரண்டாவது. பணம் எந்த வழியில் இலங்கை வங்கிக் கணக்குக்கு வரும் என்பதைப் பதிவு செய்ய முன்பே பாருங்கள். பேபால் கணக்கை நம்பி இறங்கி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் நாட்டில் நிறையப் பேர்.

வெளியீட்டுத் திகதிக்குக் குறைந்தது நாலு கிழமைக்கு முன் கொடுத்துவிடுங்கள். ஸ்பொட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்கலாம், அதற்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக அவர்களிடம் இருக்க வேண்டும். எந்தப் பாட்டு என்று கேட்டால், என் காதுக்கு மூன்றாவது அல்லது ஆறாவது. இன்னொன்று, 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒன்பதையும் ஒரே நாளில் கொட்டாமல், ஒன்றிரண்டை முன்கூட்டித் தனியாக விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்பவர் சேர நேரம் கிடைக்கும்.

தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள். மொழி என்று கேட்கும் இடத்தில் தமிழைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: நான்கு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்தப் பாட்டின் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டு உருவான கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதிய வேண்டியதில்லை, ஆக்கியவரின் ஆயுளோடு இன்னும் 70 வருடம் இருக்கும். ஆனால் உங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்று சட்டம் வந்து சொல்லாது. நான் வேலை செய்த ஒரு குழு, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசித் தீர்த்திருக்கக் கூடிய ஒரு விஷயத்துக்காக இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பழைய_அக்கோடியன்

வெளியீட்டை எங்கே வைக்கிறீர்கள்? கொழும்பு என்று யாராவது சொன்னால் கேட்காதே. நகர மண்டபத்தில் வை. புத்தக வெளியீட்டுக்குச் செய்வது போல முதற்பிரதி, சிறப்புப் பிரதி கொடுத்தால், வாங்குபவர்கள் தரும் பணத்தில் இறுவட்டு அடித்த செலவு அன்றைக்கே கைக்கு வந்துவிடும். ஊரில் கொடுக்கிற மனம் இருக்கிறது, மேடைக்குக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உவர்மலைட்ரம்ஸ்

நான் இந்தக் குழுவின் ட்ரம்ஸ்காரன். ஐயாவுக்கு வணக்கம். மண்டபம் எங்களுக்கும் விருப்பம். ஆனால் பேர் வாசித்து ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தால் ஒன்றரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும், பாட்டுக்கு வந்த பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். முதலில் ஒன்பது பாடலையும் வாசித்து முடித்துவிட்டு, அப்புறம் பிரதி கொடுத்தால் என்ன?

பழைய_அக்கோடியன்

அதுதான் சரி தம்பி. பாட்டைக் கேட்ட பிறகு கொடுப்பவன் கொஞ்சம் கூடவே கொடுப்பான். பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாவோடு முட்டாமலும், றமழான் நோன்பு எப்போது வருகிறது என்றும் பார்த்து நாள் வையுங்கள். கிண்ணியாச் சனமும் வரவேண்டும். மாரியில் வைக்கவே வேண்டாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கடைசி நாளில் ஓட வேண்டாம்.

அக்கோடியனின் தோல் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. ஒட்டினால் மூன்றாவது பாட்டுக்கு வரலாம், நீங்கள் கூப்பிட்டால்.

உவர்மலைப்பாடகி

ஐயா, கூப்பிடுகிறோம். இதைவிட எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தயவுசெய்து வாருங்கள்.

நேற்று இரவு கொழும்பு அண்ணாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். இந்த இழையை அப்படியே அவருக்கு அனுப்பியிருந்தேன். கோபிப்பார் என்று பயந்தேன். கிற்றாரை நானா சொன்ன இடத்தில் குறைத்துவிட்டு, தொலைபேசியிலேயே போட்டுக் காட்டினார். "கதவு" கேட்டது. அவரும் நானும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே "வாறனை விடு, அப்படியே இருக்கட்டும்" என்றார். "கெதியா"வும் இருக்கிறது. ஒரு இடத்தை மட்டும் மறுபடி பாடச் சொன்னார், நாலாவது பாடலின் கடைசி வரி. அது உண்மையிலேயே சுருதி விலகியிருந்தது. இன்று பாடி அனுப்பிவிட்டேன்.

ஆறாவது பாடலில் கீழ் உறுமலை மட்டும் வெட்டியிருக்கிறார். கடல் இருக்கிறது, மாமாவின் குரலும் இருக்கிறது.

பங்குத் தாளும் எழுதியாயிற்று. ட்ரம்ஸ்காரர் வீட்டு விறாந்தையில் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது பாட்டின் மெட்டில் பேஸ்காரருக்குப் பாதி இருக்கிறது என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். எழுத உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

அன்புவழிபுரத்தான்

மண்டப வாசலில் இறுவட்டு விற்கும் மேசைக்கு நான் இருக்கிறேன். எனக்குப் பழக்கம் உண்டு.

உவர்மலைட்ரம்ஸ்

அண்ணா, மிக்க நன்றி. இன்னொரு உதவியும் வேண்டும். கடல் காற்றில் கிற்றார் கம்பி இரண்டு கிழமைக்கு மேல் நிற்பதில்லை, துருப் பிடித்து விரலைக் கிழிக்கிறது. இங்கே கடையில் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் யாராவது இருந்தால் அக்கூஸ்ரிக் கம்பி மூன்று செட் வாங்கி வர முடியுமா? சனி காலை ஸ்டேஷனுக்கே வந்து பணம் தந்து எடுத்துக்கொள்கிறேன். அன்று பின்னேரம் சல்லியில் ஒத்திகை, அக்கோடியன் ஐயாவும் வருகிறார்.